விடுமுறைக்கு இரண்டு லிட்டர் பெல்ஜிய பீர்: எந்த ஆறு பாட்டில்களைக் கொண்டுவரச் சொல்வது?

கல்மண்டபத்தான் | டிசம்பர் 1, இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். ராயபுரம் கல்மண்டபத்தில் வசிக்கிறேன். சரக்குக் கப்பலில் இரண்டாம் பொறியாளராக இருக்கும் என் அக்காவின் கணவர் இம்மாதம் 19ஆம் தேதி பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் கப்பல் பணியை முடித்து இறங்கிவிட்டு (சைன் ஆஃப்), கிறிஸ்துமஸுக்கு முன்பே வீடு வந்து சேர்கிறார். அங்கிருந்து என்ன வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டார். நல்ல கிராஃப்ட் பீர் வேண்டும் என்று உடனே சொல்லிவிட்டேன். எது நல்ல பீர் என்று அவர் திருப்பிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

வெளிநாட்டிலிருந்து வருபவர் சுங்கத் தீர்வை கட்டாமல் கொண்டுவரக்கூடிய மது இரண்டு லிட்டர் மட்டுமே, அதில் பீரும் அடக்கம். 330 மில்லி பாட்டில் என்றால் ஆறு கொண்டுவரலாம், மொத்தம் 1,980 மில்லி. இந்த ஆறையும் 24ஆம் தேதி இரவு முதல் புத்தாண்டு வரை மாமா, நான், நண்பர்கள் இருவர் என நான்கு பேர் நிதானமாகப் பகிர்ந்து சுவைக்க வேண்டும் என்பது எண்ணம். நால்வருமே முப்பதைக் கடந்தவர்கள். டாஸ்மாக்கில் கிடைக்கும் வழக்கமான லாகர் பீரைத் தவிர எங்களுக்கு வேறு பழக்கம் இல்லை.

ஒரு கசப்பான அனுபவமும் உண்டு. சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் ஏதோ ஒரு விமான நிலையக் கடையில் பெரும் விலை கொடுத்து வாங்கிவந்த பாட்டிலை ஆவலோடு திறந்தோம். நனைந்த அட்டைப்பெட்டியை மென்றதுபோல இருந்தது. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தபோதுதான், பயன்படுத்த வேண்டிய நாள் கடந்து நான்கு மாதம் ஆகியிருந்தது தெரிந்தது. இம்முறை அப்படி ஆகிவிடக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

வியாசை வேலன் | டிசம்பர் 1, இரவு 10.05

ஆறே ஆறு பாட்டில்தான் என்னும்போது, வீரியம் மிகுந்ததாகவும் பெயர் பெற்றதாகவும் வாங்குவதுதான் சரி என்பேன். ரோஷ்ஃபோர் 10 என்ற துறவிமடத்து பீரில் 11.3 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. வெஸ்ட்ஃப்ளேட்டரன் 12 உலகப் புகழ் பெற்றது. இவற்றில் மூன்று, அவற்றில் மூன்று என்று எடுத்தால், அவ்வளவு தூரத்திலிருந்து சுமந்து வருவதற்கு ஒரு மதிப்பு இருக்கும்.

ஒற்றியூர் எஞ்சின் அறை | டிசம்பர் 2, காலை 6.40

கல்மண்டபத்துத் தம்பிக்கு வணக்கம். முப்பத்திரண்டு ஆண்டுகள் கப்பலில் எஞ்சின் அறையில் இருந்துவிட்டு, இப்போது திருவொற்றியூரில் ஓய்வாக இருக்கிறேன். ஆண்ட்வெர்ப் நான் பலமுறை இறங்கிய துறை. அங்கே கரையேறும் நாட்களில் நான் தேடிப் போனது பீரை மட்டும்தான் என்பதால், சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

வேலன் தம்பி சொல்வதில் ரோஷ்ஃபோர் 10 சிறந்த பீர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆறும் ஒரே குணமாக இருந்தால், இரண்டாவது பாட்டிலிலேயே நாக்கு அலுத்துவிடும், பிறகு திறப்பதெல்லாம் வீண். வெஸ்ட்ஃப்ளேட்டரன் பொதுவாக மடத்திடம் முன்பதிவு செய்து வாங்கிக்கொள்ள வேண்டிய பீர். துறவிகள் மறுவிற்பனையை விரும்புவதில்லை. நகரக் கடைகளில் தென்படுவதற்குப் பல மடங்கு விலை சொல்வார்கள். அதன் ஒரு பாட்டில் விலைக்கு வேறு நல்ல பாட்டில்கள் நாலைந்து வாங்கிவிடலாம்.

என் அளவுகோல் ஒன்றுதான். ஒவ்வொரு பாட்டிலும் வேறொரு விதமாக நொதித்ததாக இருக்க வேண்டும். நாம் பழகியிருக்கும் லாகர், குளிரில் மெதுவாக நொதித்துச் சுத்தமான சுவையோடு வருவது. அதில் நொதிக்க வைக்கும் ஈஸ்ட் தன் முகத்தைக் காட்டுவதே இல்லை. பெல்ஜியக்காரர்களின் கலை அதற்கு நேர் எதிரானது. அங்கே ஈஸ்ட்தான் சமையற்காரர். மிளகு, கிராம்பு, வாழைப்பழம், உலர்திராட்சை என்று நாம் அதில் உணர்வதில் பெரும்பகுதியை யாரும் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. ஈஸ்டும், முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டும் சேர்ந்து தருவதுதான்.

இதற்கு உச்சமான எடுத்துக்காட்டு ஹூஸ் எனப்படும் புளிப்பு பீர். பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள பகுதியில், குளிர்மாதங்களில் மட்டும், காய்ச்சிய மால்ட் நீரை அகலமான திறந்த தொட்டியில் இரவு முழுவதும் ஆறவிடுவார்கள். காற்றில் இருக்கும் ஈஸ்டும் நுண்ணுயிர்களும் தாமாக வந்து இறங்கும். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கும் பனஞ்சாறு, யாரும் எதுவும் சேர்க்காமலேயே கள்ளாகிவிடுவதை நாம் அறிவோம் அல்லவா, அதே செயல்தான். ஆனால் அவர்கள் அதை ஓக் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைத்து, ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டுச் சரக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைக்கிறார்கள். இளையதில் மீந்திருக்கும் சர்க்கரைதான் பாட்டிலுக்குள் நுரையைத் தருகிறது. பூன் என்ற ஆலையின் ஔடே ஹூஸ் எளிதில் கிடைக்கும். ஒன்று கட்டாயம் வேண்டும்.

அடுத்து சேசோன் டியூபோன், 6.5 சதவீதம். இது எனோ மாநிலத்துப் பண்ணை வீடுகளின் மரபில் வந்தது. வைக்கோல் நிறம், மிளகின் கூர்மை, இனிப்பே தங்காத முடிவு. நம் ஊர் வெக்கைக்கு இதைவிடப் பொருத்தமான பீரை நான் கண்டதில்லை.

மூன்றாவது, வெஸ்ட்மால் டப்பல், 7 சதவீதம். அந்த மடம் ஆண்ட்வெர்ப் மாநிலத்திலேயே இருக்கிறது. கருஞ்சிவப்பு நிறமும், கருப்பட்டிப் பாகை நினைவூட்டும் வாசனையும் கொண்டது.

நான்காவது ஓர்வால், 6.2 சதவீதம். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறேன்.

ஒற்றியூர் எஞ்சின் அறை | டிசம்பர் 2, காலை 9.15

ஓர்வால் மடத்தின் பீர் ஆலை 1931இல் தொடங்கியது. அவர்கள் விற்பனைக்கு அனுப்புவது ஒரே ஒரு பீர்தான். முதல் நொதிப்பு முடிந்ததும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களை அப்படியே ஊறவைத்து மணம் ஏற்றுகிறார்கள். பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டைச் சேர்க்கிறார்கள். அது மெதுவாக வேலை செய்யும். அதனால் மூன்று மாதத்து ஓர்வாலும் ஓராண்டு ஓர்வாலும் ஒரே பீர் அல்ல. இளமையில் ஆரஞ்சுத்தோல் போன்ற ஹாப்ஸ் மணமும் தெளிவான கசப்பும் முன்னே நிற்கும். ஆறு மாதம் கடந்தால் பூமணம் அடங்கி, பழைய தோல்பை, உலர்ந்த வைக்கோல் என்று வேறொரு வாசனை எழும். இனிப்பு முற்றிலும் வற்றிவிடும். பாட்டிலில் அடைத்த தேதியும் லேபிளில் இருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள், ஓர்வால் மட்டும் இரண்டு வாங்குங்கள். ஒன்றை இந்தக் கிறிஸ்துமஸுக்குத் திறந்துவிட்டு, மற்றொன்றை அடுத்த கிறிஸ்துமஸ் வரை காத்திருக்க விடுங்கள். ஒரு பீரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பெரம்பூர்ச் சமையற்கட்டு | டிசம்பர் 2, மாலை 4.30

ஐயாவின் பட்டியல் அருமை. ஆனால் ஆறு பாட்டிலில் ஒன்றை ஓராண்டு பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. விடுமுறைக்கு என்று கேட்பவருக்கு விடுமுறைக்குள் முடிகிற கணக்கைத்தான் சொல்ல வேண்டும்.

நான் உணவின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். என் பாட்டி ஆங்கிலோ இந்தியர். டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் கல்கல், அச்சு முறுக்கு, இஞ்சி ஒயின், பிளம் கேக் என்று அடுப்பு அணையாது. கிறிஸ்துமஸ் மதியம் தேங்காய்ப்பால் மஞ்சள் சோறும் கைமா உருண்டைக் குழம்பும் இருக்கும். அந்த உருண்டைக் குழம்புக்கு வெஸ்ட்மால் டப்பலைவிட நல்ல துணை இருக்க முடியாது. வறுத்த மால்ட்டும் வதங்கிய வெங்காயமும் ஒரே குடும்பத்து வாசனைகள். தம்பி வீட்டில் பிரியாணி என்றாலும் இதுவே பொருந்தும்.

காரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கசப்பும் ஆல்கஹாலும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், மால்ட்டின் இனிப்பு அதைத் தணிக்கும். 11 சதவீத பீரோடு காசிமேட்டு இறால் தொக்கைச் சாப்பிட்டால் இரண்டின் சுவையும் தெரியாது. ரோஷ்ஃபோர் 10ஐ எல்லாம் முடிந்த பிறகு பிளம் கேக்கோடு மட்டும் எடுங்கள். அத்திப்பழம், உலர்திராட்சை, லேசான சாக்லேட் எல்லாம் அதற்குள்ளேயே இருப்பதால், கேக்கின் இன்னொரு துண்டைக் குடிப்பதுபோல இருக்கும்.

சேசோனை நான் அத்தோவுக்கு ஒதுக்குவேன். பர்மாவிலிருந்து திரும்பிவந்தவர்கள் நம் பகுதிக்குக் கொண்டுவந்த அந்த நூடுல்ஸில் புளித்தண்ணீர், எலுமிச்சை, பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், வரமிளகாய்த் தூள் எல்லாம் இருக்கின்றன. எண்ணெயைக் கழுவுவதற்கு நிறைய வாயு வேண்டும், புளிப்போடு மோதாமல் இருக்க வறண்ட சுவை வேண்டும். இரண்டும் சேசோனில் உண்டு. ஹூஸுக்கு நெத்திலி வறுவல் போதும். எலுமிச்சை பிழிய வேண்டாம், அந்த வேலையை ஹூஸ் பார்த்துக்கொள்ளும்.

மண்ணடி வாசகன் | டிசம்பர் 2, இரவு 8.50

நம் ஊருக்கென்றே ஒரு பீர் இருக்கும்போது அதை யாரும் சொல்லவில்லையே. ஹாப்ஸ் மிகுந்த இந்தியா பேல் ஏல், அதாவது ஐபிஏ. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் போ பகுதியிலிருந்த ஹாட்ஜ்சனின் ஆலையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் ஏறிய பேல் ஏல் பீப்பாய்கள் மதராஸுக்கும் கல்கத்தாவுக்கும் வந்தன. அன்று இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிடும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் அலையைக் கடந்து சரக்கைக் கரைசேர்க்கும். படகோட்டிகள் கட்டிய இராயப்பர் ஆலயத்தின் மணியோசை கேட்கும் கல்மண்டபத்திலிருந்து ஒருவர் கேட்கும்போது, ஐபிஏ இல்லாத பட்டியல் எனக்குக் குறையாகவே படுகிறது.

ஒற்றியூர் எஞ்சின் அறை | டிசம்பர் 3, காலை 6.30

மண்ணடி நண்பரே, நீங்கள் சொன்ன வரலாறு மனதுக்கு நெருக்கமானது. ஆயினும் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். இங்கே வந்த கப்பல்களில் கறுத்த போர்ட்டர் பீரும் ஏராளமாக வந்திருக்கிறது. சிப்பாய்கள் அதைத்தான் அதிகம் குடித்தார்கள். பேல் ஏல் பெரும்பாலும் அதிகாரிகளின் மேசைக்குப் போனது.

மற்றொன்று இன்றைய ஐபிஏ பற்றியது. அதன் உயிர் ஹாப்ஸின் மணத்தில் இருக்கிறது. அந்த மணம் முதல் சில வாரங்களில் உச்சத்தில் இருந்து, மூன்று மாதத்தில் பெரிதும் மங்கிவிடும். வெப்பம் பட்டால் இன்னும் விரைவாகப் போகும். தம்பி சென்ற ஆண்டு குடித்த அட்டைப்பெட்டிச் சுவை ஆக்சிஜனும் வெப்பமும் சேர்ந்து செய்த கேடு. பெல்ஜியத்துக் கடையில் ஐபிஏ எவ்வளவு நாள் இருந்தது என்று அறியாமல் வாங்குவதைவிட, ஹாப்ஸ் மணமும் தேதியும் சேர்ந்து கிடைக்கும் ஓர்வாலையே நான் பரிந்துரைப்பேன். வீரியமான கறுப்பு பீர்களும் ஹூஸும் காலத்தைத் தாங்கும். ஐபிஏ தாங்காது.

இந்திராநகர்ப் பெரம்பூரான் | டிசம்பர் 3, மதியம் 1.10

ஐபிஏ வேண்டுமென்றால் ஒரு வார இறுதியில் பெங்களூர் வாருங்கள். இங்கே 2010இல் தொடங்கிய டாய்ட் முதற்கொண்டு, அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் பப்கள் நிறைய இருக்கின்றன. தொட்டியிலிருந்து நேராகக் குவளைக்கு வருவதால் ஹாப்ஸ் மணம் கெடுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. இத்தகைய சிறு ஆலைகளுக்குத் தமிழ்நாட்டில் உரிமம் கொடுக்காததால் நம் ஊரில் இந்த அனுபவம் கிடைப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

கல்மண்டபத்தான் | டிசம்பர் 4, இரவு 9.45

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாட்களாக அக்காவோடும் பேசி இந்த முடிவுக்கு வந்திருக்கிறேன்: சேசோன் டியூபோன் ஒன்று, ஓர்வால் இரண்டு, வெஸ்ட்மால் டப்பல் ஒன்று, பூன் ஔடே ஹூஸ் ஒன்று, ரோஷ்ஃபோர் 10 ஒன்று. பெரம்பூர் அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும், அந்த இரண்டாவது ஓர்வாலை என்னால் விட முடியவில்லை. ஹூஸ் மட்டும் 375 மில்லி பாட்டிலில் வருகிறது, அதனால் பெரிய வித்தியாசம் இருக்காது அல்லவா?

வியாசை வேலன் | டிசம்பர் 4, இரவு 10.20

இருக்கிறது. ஐந்து 330 என்றால் 1,650. அதோடு 375 சேர்ந்தால் 2,025 மில்லி. இருபத்தைந்து மில்லிக்காக மாமா சுங்க அதிகாரியின் முன் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது. பூன் ஹூஸ் 250 மில்லி பாட்டிலிலும் வருகிறது. அதை எடுத்தால் 1,900இல் முடிந்துவிடும்.

என் முதல் யோசனையிலிருந்து ஒரு ரோஷ்ஃபோர் பட்டியலில் நின்றதில் மகிழ்ச்சி. வெஸ்ட்மால் டிரிப்பலையும் சேர்க்கச் சொல்ல நினைத்தேன். ஆனால் அதன் 9.5 சதவீதமும் ரோஷ்ஃபோரின் 11.3 சதவீதமுமாக, ஆறு பாட்டிலுக்குள் வீரியமானவை இரண்டு வேண்டாம் என்று இப்போது எனக்கே தோன்றுகிறது. கேக்கோடு குடிக்க ஒன்று போதும்.

ஒற்றியூர் எஞ்சின் அறை | டிசம்பர் 5, காலை 7.00

கணக்கைச் சரிபார்த்த வேலன் தம்பிக்கு நன்றி. மாமாவிடம் இவற்றைச் சொல்லிவிடுங்கள். ஆறும் செக்-இன் பெட்டியில்தான் வர வேண்டும், கைப்பையில் அனுமதி இல்லை. ஒவ்வொரு பாட்டிலையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, தடித்த காலுறைக்குள் நுழைத்து, பெட்டியின் நடுவில் துணிகளுக்கு இடையே வைக்கட்டும். கடையில் ஜன்னல் ஓரத்திலோ பளிச்சென்ற விளக்கின் கீழோ நின்ற பாட்டிலை எடுக்க வேண்டாம். வெளிச்சம் பட்ட ஹாப்ஸ் துர்நாற்றம் தரும். பழுப்புக் கண்ணாடி அதை ஓரளவு தடுக்குமே தவிர முற்றிலும் தடுக்காது.

வீட்டுக்கு வந்த அன்றே திறக்காதீர்கள். இவை பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதித்தவை, அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும். பயணத்தில் அது கலங்கியிருக்கும். குளிர்பெட்டியின் அடித்தட்டில் நிமிர்த்தி வைத்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். சேசோனையும் ஹூஸையும் எடுத்த சிறிது நேரத்தில் ஊற்றலாம். டப்பலையும் ரோஷ்ஃபோரையும் அரை மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து வைத்தால் 12 டிகிரி அளவுக்கு வரும். பனிக்கட்டிக் குளிரில் அவற்றின் வாசனை எழாது.

ஊற்றும் முறைதான் முக்கியம். நான்கு குவளைகளையும் ஒட்டி வரிசையாக வையுங்கள். பாட்டிலைச் சாய்த்த பிறகு ஒரு குவளைக்கும் அடுத்த குவளைக்கும் இடையில் நிமிர்த்தவே கூடாது. நிமிர்த்தினால் அடியிலிருக்கும் ஈஸ்ட் கிளம்பி, கடைசிக் குவளைக்காரருக்குச் சேறு போய்ச்சேரும். ஒரே சாய்வில் ஆளுக்குச் சுமார் 75 மில்லி ஊற்றிவிட்டு, அடியில் ஒரு விரற்கடை மீதி விடுங்கள்.

கல்மண்டபத்தான் | டிசம்பர் 26, காலை 11.30

அனைவருக்கும் விழாக்கால வாழ்த்துகள். ஆறு பாட்டில்களும் ஒரு கீறல் இல்லாமல் 21ஆம் தேதி வந்து சேர்ந்தன.

24ஆம் தேதி மாலை ஹூஸைத் திறந்தோம். முதல் வாயில் நண்பர் ஒருவர் முகம் சுளித்து, கெட்டுப்போயிருக்கிறது என்றார். நெத்திலி வந்தது. இரண்டாவது வாயில் அவரே, நீராகாரத்தில் உப்புப் போட்டதுபோல நாக்கைச் சுத்தம் செய்கிறது என்றார். 250 மில்லி நான்கு பேருக்குப் போதவில்லை.

நேற்று பிரியாணியோடு டப்பல். குவளையில் ஊற்றியதும் எழுந்த வாசனையில் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, யார் வெல்லம் காய்ச்சுகிறார்கள் என்று கேட்டார்கள். ஒற்றியூர் ஐயா சொன்ன கருப்பட்டிப் பாகு அதுதான்.

பெரம்பூர்ச் சமையற்கட்டு | டிசம்பர் 26, மதியம் 3.05

நெத்திலி கைகொடுத்ததில் மிக்க மகிழ்ச்சி. ரோஷ்ஃபோரைத் திறக்கும்போது கேக் குளிர்பெட்டியிலிருந்து நேராக வரக் கூடாது, அறைச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வெண்ணெய் உறைந்து நாக்கை மூடிவிடும்.

கல்மண்டபத்தான் | ஜனவரி 2, இரவு 8.15

28ஆம் தேதி அத்தோவோடு சேசோன். இதுவே எங்கள் நால்வருக்கும் மிகவும் பிடித்த இரவு. பூண்டெண்ணெய் பளபளக்கும் உதட்டோடு ஒரு மிடறு குடித்தால், அடுத்த கவளம் முதல் கவளம்போலவே இருந்தது. புத்தாண்டு இரவு கேக்கும் ரோஷ்ஃபோரும். 75 மில்லியை முக்கால் மணி நேரம் வைத்துக் குடித்தோம். குவளை சூடாக ஆக அதன் மணம் மாறிக்கொண்டே போனது. பெரம்பூர் அக்கா சொன்னபடி கேக்கை முன்பே வெளியே எடுத்துவிட்டோம்.

ஓர்வாலை 30ஆம் தேதி வஞ்சிரம் வறுவலோடு திறந்தோம். லேபிளின்படி அடைத்துச் சரியாக மூன்று மாதம். நுரை குவளையில் பாதி உயரத்துக்கு எழுந்து வெகுநேரம் நின்றது. மணம் ஆரஞ்சுத்தோலேதான். கசப்பு கடுமையாக இருக்குமென்று பயந்தேன். மீனின் எண்ணெயோடு அது இதமாகவே இருந்தது. மாமாவுக்கு இதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை, அவருடைய ஓட்டு டப்பலுக்கு. அன்று எப்படி இருந்தது என்பதை நான்கு பேரும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதி, மடித்து, இரண்டாவது ஓர்வாலின் கழுத்தில் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறோம்.

ஐயா, அதை ஓராண்டும் குளிர்பெட்டியிலேயே வைக்கலாமா, அல்லது வெளியே இருந்தால்தான் அந்த ஈஸ்ட் வேலை செய்யுமா?

ஒற்றியூர் எஞ்சின் அறை | ஜனவரி 3, காலை 6.25

பெல்ஜியத்தில் 12 முதல் 15 டிகிரி வரை இருக்கும் நிலவறையில் வைப்பார்கள். நம் வீடுகளில் அத்தகைய இடம் இல்லை. வெளியே வைத்தால் சித்திரை, வைகாசி வெயில் அதைக் கெடுத்துவிடும். ஆகவே குளிர்பெட்டிதான். குளிரில் ஈஸ்ட் மெதுவாகவே நகரும், ஆனால் நின்றுவிடாது. காய்கறித் தட்டின் மூலையில், நிமிர்த்தி, காகிதம் சுற்றி வையுங்கள். மின்சாரம் நெடுநேரம் போகும் நாட்களில் கதவை அடிக்கடி திறக்காமல் இருந்தால் போதும். அந்தத் தாளில் உங்கள் மாமா எழுதியிருப்பதை அடுத்த டிசம்பரில் இங்கே படிக்க ஆவலாக இருக்கிறேன். அவர் அப்போது கடலில் இருந்தால், அவர் கரையேறும் வரை திறக்க வேண்டாம்.